சுதேசிக்கு யார் கூலி கொடுப்பது?

வெளியே போன தொழில் வீடு திரும்ப வேண்டும் என்று உலகம் முழுக்க ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாஷிங்டனில் பேசுகிறார்கள், டெல்லியில் பேசுகிறார்கள், எங்கள் பாளையங்கோட்டை டீக்கடையிலும் பேசுகிறார்கள். வீடு என்ற சொல்லை அவர்கள் உருக்கத்தோடு சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். வீட்டுக்கு யார் திரும்பி வந்தாலும் உலை வைப்பது ஒரு பெண்தான். தொழில் திரும்பி வந்தாலும் அதே கதைதான்.

நான் பொருளாதாரம் படித்தவளில்லை. தமிழ் படித்தவள். ஆனால் சுங்கம் தமிழுக்குப் புதிதில்லை. அரசனுக்குரிய பொருள் எவை என்று சொல்லும்போது வள்ளுவர் உல்குபொருளையும் சேர்க்கிறார். சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ ஆனான். போட்டவனையும் எடுத்தவனையும் நம் இலக்கியமும் கல்வெட்டும் நினைவில் வைத்திருக்கின்றன. அந்தச் சுங்கத்தைச் சுமந்தவள் யார் என்று கேட்டால் இரண்டும் மௌனம். அதே இலக்கியத்தில், இரவில் சிறு விளக்கொளியில் பருத்தியோடு உட்கார்ந்திருக்கும் பெண் வருகிறாள். அவள் உழைப்பு உவமைக்குப் பயன்பட்டது, கணக்கில் ஏறவில்லை.

இன்றைய கணக்குக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் போனால் கங்கைகொண்டான். அங்குள்ள சிப்காட் வளாகத்தில் டாடா குழுமத்தின் சோலார் ஆலை நிற்கிறது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு செல்லும் பேனலும் செய்யும் ஆலை. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்து வைத்தார். இந்த ஆலை இங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு சுங்கச் சுவர் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இறக்குமதியாகும் சோலார் பேனலுக்கு 40 சதவீதமும் செல்லுக்கு 25 சதவீதமும் வரி விதிக்கப்பட்டது. அதற்கு மேல் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம். இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் ஒன்றிய அரசு 19,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆலையின் வேலையாட்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பது திறப்பு விழாச் செய்திகளில் பெருமையாகச் சொல்லப்பட்டது.

பெருமைதான். மறுக்கவில்லை. எங்கள் பக்கம் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் வீரவநல்லூரிலும் ஒரு பெண்ணுக்குக் கைக்காசு என்றால் பீடிதான். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, குனிந்த முதுகோடு, ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. என் மாணவிகளில் பலர் அந்தக் கூலியில் படித்தவர்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா என்னிடம் சொன்னார்: “கம்பெனிக்குப் போனா கையில பொயல நாத்தம் இருக்காதுல்லா டீச்சர்.” அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக நான் எந்தக் கோட்பாட்டையும் நிறுத்த மாட்டேன். மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தன் பெயரில் வங்கிக் கணக்கு, ஊரைத் தாண்டிப் போகும் பேருந்து. இவை ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிப்போடும்.

ஆகவே, இறக்குமதியே செய்துகொள்ளலாம், ஆலை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது வேறு. வெளிநாட்டுச் சரக்கைவிட உள்நாட்டுச் சரக்கு விலை கூடுதல் என்பதால்தானே வரி போடுகிறோம்? அந்தக் கூடுதலை யார் கட்டுகிறார்கள்?

வாங்குகிறவர் கட்டுகிறார் என்பது பாடப்புத்தகப் பதில். அது பாதிப் பதில். சீனப் பேனல் மலிவாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. சிலிக்கானிலிருந்து வேஃபர், செல், பேனல் வரை எல்லாக் கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் சொன்னது. பெரிய அளவு, அருகருகே ஆலைகள், அரசின் கடன். இங்கே ஆலை போடுகிறவர் பெரும்பாலும் இயந்திரத்தையும் வேஃபரையும் அங்கிருந்தே வாங்க வேண்டியிருக்கிறது. அவற்றின் விலை அவர் கையில் இல்லை. வட்டியும் இல்லை. அவர் கைக்கு எட்டுவது மூன்றுதான்: கூலி, நேரம், தண்ணீர்.

கூலியை முதலில் பார்ப்போம். மின்னணு ஆலைகள் பெண்களைத் தேடுவதற்குச் சொல்லப்படும் காரணம், பெண்களுக்கு விரல் மென்மை, பொறுமை அதிகம் என்பது. இந்தப் புகழ்ச்சியின் உள்ளே இருக்கும் திருட்டை டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981லேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். பெண் அந்தத் திறமையோடு பிறக்கவில்லை. பூ கட்டியும் பீடி சுற்றியும் தைத்தும் பல வருடம் பழகியது அது. வீட்டில் பழகியதால் அதற்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் அது ‘இயல்பு’ என்று பெயர் பெறுகிறது. இயல்புக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

சீனாவிலிருந்து தொழிலை இழுத்துவருவதற்கு ஸ்ரீபெரும்புதூர் ஏற்கெனவே ஒரு முன்மாதிரி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றதற்காகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகின் விலை உயர்ந்த போன்களில் ஒன்றைச் செய்கிறவர்கள் கேட்டது கெட்டுப்போகாத சோறு. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் இன்னொன்றை வெளியிட்டது: திருமணமான பெண்களை அந்த ஆலையின் பொருத்தும் பணிக்கு எடுப்பதில்லை என்று. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. கழுத்தில் தாலி ஏறும்வரை மென்மையான விரல், ஏறிய பிறகு குடும்பப் பொறுப்பு. தாலியைப் புனிதம் என்று சொல்லும் சமூகத்தில்தான் அது வேலைக்குத் தடையாகவும் பேசப்படுகிறது. இதைப் புதிது என்று நினைக்காதீர்கள். தென்மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளுக்கு அழைத்துப்போன ‘சுமங்கலித் திட்டம்’ நினைவிருக்கிறதா? மூன்று வருட உழைப்பின் கூலியைக் கல்யாணச் செலவு என்று பிடித்துவைத்தார்கள். அங்கே வரதட்சணை கூலியாக வேடம் போட்டது.

அடுத்து நேரம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்நிய முதலீட்டாளர்களை ஈர்க்க என்றார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆனால் அந்தச் சில நாள்களில் நடந்த விவாதங்களில் 12 மணி நேரம் ஆலையில் நிற்கிறவள் வீட்டில் எத்தனை மணி நேரம் நிற்பாள் என்ற கேள்வி எத்தனை பேர் வாயிலிருந்து வந்தது?

தண்ணீர் மூன்றாவது. கங்கைகொண்டானில் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுத்ததை எதிர்த்து வருடக்கணக்கில் போராட்டம் நடந்தது. 2016இல் விதிக்கப்பட்ட இடைக்காலத் தடையை 2017 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீக்கியது. சோலார் செல் செய்யவும் நிறையத் தண்ணீர் வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் இந்தச் சிறிய ஆறு இரண்டு மாவட்ட வயலுக்கும் குடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றில் குறைகிற ஒவ்வொரு பங்கும் ஏதோ ஒரு தெருக் குழாயில் ஒரு பெண் காத்திருக்கும் நேரமாக மாறுகிறது. அந்த நேரம் எந்த ஆலையின் செலவுக் கணக்கிலும் இல்லை.

மறுபக்கச் சுவரையும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. ஏற்றுமதியாளர்கள் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டார்கள். திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் நெல்லைப் பெண் யாரிடம் அவகாசம் கேட்பாள்? ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம், அடுத்தது வேலை. அமெரிக்கா திரும்ப அழைப்பதும் இரும்பும் காரும், அதாவது ஆண்களின் வேலையாக அவர்கள் நினைப்பவை. பனியன் தைக்கும் வேலையை வீட்டுக்கு அழைக்க அங்கே பெரிய ஆர்வம் இல்லை. தண்டனை மட்டும் பனியன் தைப்பவளுக்கும் சேர்த்துத்தான்.

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சீன லைட்டரால் தீப்பெட்டித் தொழில் அழிகிறது என்று ஆலை முதலாளிகள் முறையிட்டார்கள். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. தீப்பெட்டி வேலையில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பெயரைச் சொல்லித்தான் தடை கேட்கப்பட்டது. அந்த அறிவிப்புகளில் கூலி பற்றி ஒரு வரி இல்லை. சோலார் ஊக்கத்தொகையும் அப்படியே: பேனலின் திறனை அளக்கிறார்கள், உள்நாட்டு மதிப்புக்கூட்டலை அளக்கிறார்கள். செய்கிறவளின் கூலியை அளப்பதில்லை.

சுதேசி என்ற சொல்லை இந்த ஊரில் வைத்து இப்படிப் பயன்படுத்த எவருக்கும் உரிமை கிடையாது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குச் சுப்பிரமணிய சிவாவோடு முன் நின்றார். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, விடுமுறை என்பவை கோரிக்கைகள். தொழிலாளர் வென்றார்கள். மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கப்பல் யாருடையது என்று கேட்டவர், கூலி எவ்வளவு என்றும் கேட்டார். இன்று சிலை வைக்கிறவர்கள் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எனவே நம் கோரிக்கை எளிது. சுங்கச் சுவர் பொதுமக்கள் கொடுக்கும் சலுகை. கூடுதல் விலை கொடுத்து அதைத் தாங்குவது நாம். சலுகைக்கு நிபந்தனை வேண்டும். வரிப் பாதுகாப்பும் ஊக்கத்தொகையும் பெறும் ஒவ்வோர் ஆலையும் பிரிவுவாரியாக ஆண், பெண் கூலியை வெளியிட வேண்டும். திருமணத்தைக் காட்டி வேலை மறுத்தால் சலுகை நிற்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் 2017லிருந்து சட்டம். அதைப் பூட்டிய அறையாக அல்லாமல் குழந்தைகளோடு பார்க்க வேண்டும். விடுதியின் சமையலிலும் சாவியிலும் தங்கியிருக்கும் பெண்களுக்கு அதிகாரம் வேண்டும். சங்கம் வைக்கும் உரிமை வேண்டும். ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரின் கணக்கு ஊராட்சி வாசலில் எழுதப்பட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் சரக்கு இன்னும் விலை கூடும் என்பார்கள். கூடட்டும். அதுதான் அந்தச் சரக்கின் உண்மையான விலை. இதுவரை மிச்சத்தைப் பெண்கள் கையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.