பச்சைப் பொய்

2012 ஜூலையில் வந்த ஆர்ஸ்பெக் 2.11, ரூபி நிரலாளர்களின் பழகிய கையை மாற்றச் சொன்னது. 2005இல் ஸ்டீவன் பேக்கர் தொடங்கி, பின்னர் டேவிட் செலிம்ஸ்கி வளர்த்த அந்த டெஸ்ட் கருவியில், அதுவரை எந்த ஆப்ஜெக்டின் பின்னாலும் புள்ளி வைத்து ‘ஷுட்’ என்று எழுதினால் போதும். டெஸ்ட் வாக்கியமாகவே ஓடும். புதிய முறையிலோ, சோதிக்கும் மதிப்பை ‘எக்ஸ்பெக்ட்’ என்ற அழைப்புக்குள் கொடுக்க வேண்டும். பார்வைக்குச் சற்றுக் கரடுமுரடுதான்.

மாற்றத்துக்குக் காரணம் அழகு அல்ல. எல்லா ஆப்ஜெக்டுக்கும் ‘ஷுட்’ கிடைக்க, ஆர்ஸ்பெக் அதை ரூபியின் கெர்னலில் செருகியிருந்தது. ஆனால், பேசிக்ஆப்ஜெக்டிலிருந்து பிறக்கும் பிராக்ஸிகளுக்குக் கெர்னல் கிடையாது. தனக்குத் தெரியாத எந்த அழைப்பையும் பின்னால் இருக்கும் ஆப்ஜெக்டுக்குத் தள்ளிவிடுவதே பிராக்ஸியின் வேலை. ‘ஷுட்’டையும் அப்படியே தள்ளிவிடும். பிராக்ஸியைச் சோதித்ததாக எழுதியவர் நினைத்திருப்பார், சோதிக்கப்பட்டதோ வேறொன்று. இனிமையாக வாசிக்கக் கிடைத்த வாக்கியம், சொன்னதைச் செய்யவில்லை.

ஸ்பெக், அதாவது ஆர்ஸ்பெக் டெஸ்ட், எழுதுவோர் ஒவ்வொருவரும் இந்த மாற்றத்தின் காரணத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும். சிவப்பு காட்டும் டெஸ்ட் யாரையும் ஏமாற்றாது. தவறான காரணத்துக்காகப் பச்சை காட்டும் டெஸ்டுதான் ஆபத்து. அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

இந்த ஆபத்து அதிகம் குடியிருக்கும் இடம் டபுள். ஆர்டர் கிளாஸ், பணம் எடுக்க பேமென்ட்கேட்வேயின் ‘சார்ஜ்’ மெத்தடை அழைக்கிறது என்று கொள்வோம். ஸ்பெக்கில் உண்மையான கேட்வேக்குப் பதில் ஒரு டபுள் நிற்கிறது. ‘சார்ஜ்’ என்றால் ‘சரி’ என்கிறது. சில மாதம் கழித்து ஒருவர் கேட்வேயில் அந்த மெத்தடின் பெயரை ‘கேப்சர்’ என்று மாற்றுகிறார். ஆர்டரை மாற்ற மறந்துவிடுகிறார். டபுளுக்கு இது தெரியாது. ‘சார்ஜ்’ என்றால் இன்னமும் ‘சரி’ சொல்கிறது. ஓடும் முன்பே பிழையைப் பிடிக்கும் டைப் சரிபார்ப்பு ரூபியில் இல்லை. தொகுப்பு முழுதும் பச்சை. உடைவது வாடிக்கையாளரின் திரையில்.

2014 ஜூனில் வந்த ஆர்ஸ்பெக் 3 இதற்கு மருந்து கொடுத்தது. ‘இன்ஸ்டன்ஸ் டபுள்’ பயன்படுத்தினால், கிளாஸில் இல்லாத மெத்தடுக்குப் போலிப் பதில் வைக்கவே முடியாது. ஆர்க்யூமென்ட் எண்ணிக்கை பொருந்தாவிட்டாலும் டெஸ்ட் விழும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. திருப்பித் தரும் மதிப்பை அது சரிபார்க்காது: உண்மையான கேட்வே ரசீது ஆப்ஜெக்டைத் தர, டபுள் வெறும் ‘ட்ரூ’வைத் தந்தாலும் பேசாமல் இருக்கும். கிளாஸின் பெயரைச் சரமாகக் கொடுத்து, அந்தக் கிளாஸ் லோடாகாமல் இருந்தாலோ, அதுவும் சாதாரண டபுளாகவே நடந்துகொள்ளும். பெயரில் ஒரு எழுத்துப்பிழை போதும், காவல் போய்விடும். ‘வெரிஃபை டபுள்ட் கான்ஸ்டன்ட் நேம்ஸ்’ என்ற அமைப்பை, முழுத் தொகுப்பையும் ஓட்டும்போதாவது, இயக்கி வைப்பது நல்லது. இதைச் செய்யாத குழுக்கள் இன்றே செய்யலாம், ஒரே வரிதான்.

அடுத்தது, டெஸ்டுக்கு வேண்டியதற்குப் பெயர் வைத்துத் தரும் ‘லெட்’. அது சோம்பேறி: பெயரை யாராவது அழைக்கும்வரை உள்ளே இருப்பது ஓடாது. ரத்தான ஓர் ஆர்டரை ‘லெட்’டில் உருவாக்கி, ‘நிலுவையில் உள்ள ஆர்டர்களின் பட்டியல் காலியாக இருக்கும்’ என்று ஒருவர் எழுதுகிறார். ரத்தானவை பட்டியலில் வராது என்பதே அவர் சொல்ல வந்தது. ஆனால் எடுத்துக்காட்டுக்குள் (ஆர்ஸ்பெக்கில் ஒரு தனி டெஸ்டின் பெயர் அது) அந்த ஆர்டரின் பெயர் எங்கும் வரவில்லை. டேட்டாபேஸில் எதுவுமே இல்லை. பட்டியல் காலி, டெஸ்ட் பாஸ். வடிகட்டும் நிபந்தனையை நிரலிலிருந்து அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்போதும் பாஸ் ஆகும். ஆச்சரியக்குறி சேர்த்த ‘லெட்’ இந்த ஓட்டையை அடைக்கும். எடுத்துக்காட்டுக்குள்ளேயே ஆர்டரை உருவாக்கினால் இன்னும் நல்லது. இருநூறு வரி மேலே போய்த் தேடாமல், எது இருந்தது, என்ன நடந்தது, என்ன எதிர்பார்த்தோம் என்று ஒரே பார்வையில் தெரியும். இரண்டு வரி கூடுதலாகத் தட்டச்சுவது பெரிய விலை அல்ல.

டெஸ்டுகளின் ஓட்ட வரிசையையும் கலைத்துவிடுங்கள். ஒன்று விட்டுச்சென்ற தரவில் இன்னொன்று பிழைத்திருந்தால் அப்போதுதான் வெளிவரும். சிக்கல் தரும் கூட்டணியைக் கண்டுபிடித்துத் தர, ஆர்ஸ்பெக் 3.3 முதல் ‘பைசெக்ட்’ இருக்கிறது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் ரூபிஸ்பெக்கைப் பார்க்கலாம். ருபினியஸ் என்ற மாற்று ரூபிச் செயலாக்கத்தை எழுதும்போது பிறந்தது அது. மொழியின் ஒவ்வொரு கிளாஸும் மெத்தடும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, ஓட்டிப் பார்க்கக்கூடிய ஸ்பெக்குகளாக அது எழுதி வைத்திருக்கிறது. பிறந்து தவழும் ரூபிச் செயலாக்கத்தால் ஆர்ஸ்பெக்கையே ஓட்ட முடியாது என்பதால், எளிய ரூபியில் எம்ஸ்பெக் என்று தனிக் கருவியே செய்துகொண்டார்கள். ரூபிஸ்பெக்கைத் தொடங்கியவர்கள் 2014 இறுதியில் கைவிட்ட பிறகும், மற்றவர்கள் அதை எடுத்து நடத்துகிறார்கள். ஜேரூபியும் ட்ரஃபிள்ரூபியும் அதில்தான் தங்களைச் சோதிக்கின்றன. மூல ரூபியின் களஞ்சியத்திலும் அதற்கு இடம் உண்டு. அங்கே வெறுமனே பாஸ் ஆகும் ஓர் எடுத்துக்காட்டு நுழைந்தால், அந்த நடத்தை எல்லாச் செயலாக்கங்களிலும் ஒரே சமயத்தில் காவலற்றுப்போகும்.