கை இரண்டு, வேலை மூன்று!

தச்சருக்குப் பட்டறை வேண்டும். தையல்காரருக்கு மேசை வேண்டும். ரேடியோ, டி.வி., மின்விசிறி ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு ஆகியவற்றைப் பழுது பார்ப்பவருக்கு என்ன வேண்டும்? ‘சால்டரிங் அயர்ன் ஒன்று இருந்தால் போதும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. போர்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிப்பானும் வேண்டும்.

ஒரு கையில் சூடான அயர்ன். மறு கையில் ஈயக் கம்பி. போர்டை யார் பிடிப்பது?

பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, “இதைக் கொஞ்சம் பிடி” என்கிறார்கள். இது பெருந்தவறு. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி உருக 183 டிகிரி வேண்டும். அயர்னின் முனையோ 300 டிகிரிக்கு மேல் சுடும். அதன் அருகில் பிள்ளையின் விரல் இருக்கலாமா?

தொழில் நடக்கும் ஊர்கள்

பூந்தமல்லியை அடுத்து, ஆவடி போகும் சாலையில் இருப்பது சென்னீர்குப்பம். சுற்றிலும் தொழில் வளர்ந்த பகுதி அது. ஒரு பக்கம், 1964-ம் ஆண்டில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. மறு பக்கம், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006-ல் திறந்த நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. ஆனால் மின்னணுத் தொழில் அங்கிருந்து போய்விடவில்லை. வேறு தொழிற்சாலைகள் நடக்கின்றன.

பெரிய தொழிற்சாலையில் போர்டைச் சட்டத்தில் பொருத்தித்தான் வேலை செய்வார்கள். அதே வேலையை வீட்டுத் திண்ணையிலோ, சின்னக் கடையிலோ செய்பவருக்கு மட்டும் அந்தச் சட்டம் வேண்டாமா?

“கையால் பிடித்தே இத்தனை நாள் செய்தோமே!” என்று சிலர் கேட்கலாம். செய்தது உண்மை. அதனால் வந்த நஷ்டத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். உருகிய ஈயம் இறுகும் நேரத்தில் போர்டு அசைந்தால், பற்று உறுதியாக நிற்காது. பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும். பத்து நாளில் விட்டுப்போகும். பழுது பார்த்த பொருள் திரும்பி வரும். கூலியும் போகும், நல்ல பெயரும் போகும். போர்டு வளைந்தாலோ, அதில் உள்ள சிறு செராமிக் கப்பாசிட்டர்கள் விரிந்துவிடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

எதை வாங்கலாம்?

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

முதல் வகை: கனமான அடித்தட்டில் இரண்டு கிளிப்புகளும் ஒரு பூதக்கண்ணாடியும் உள்ளது. விலை சில நூறு ரூபாய்தான். கம்பி ஒட்டுவதற்கும் சிறிய போர்டுக்கும் ஏற்றது. பெரிய போர்டு ஆடும். கிளிப்பின் பற்கள் போர்டின் செம்புக் கோட்டைக் கீறிவிடும். ஆகவே பற்களின் மேல் சூடு தாங்கும் ஸ்லீவ் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் பூதக்கண்ணாடியை மூடி வைக்க வேண்டும். அதில் வெயில் பட்டால் துணியும் காகிதமும் தீப்பிடிக்கும்.

இரண்டாம் வகை: ஒரு தண்டில் நகரும் இரண்டு தாடைகள் உள்ளது. இதுவும் சில நூறு ரூபாயில் கிடைக்கும். போர்டின் இரு ஓரங்களையும் தாடையின் பள்ளத்தில் வைத்து இறுக்கலாம். போர்டை எடுக்காமலே திருப்பலாம். குறைந்த செலவில் போர்டு வேலை செய்ய விரும்பும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. எடை குறைவானால் வழுக்கும். அதை ஒரு பலகையில் திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் சரியாகிவிடும்.

மூன்றாம் வகை: எந்தப் பக்கமும் திரும்பும் கனமான வைஸ். வெளிநாட்டுச் சரக்கானால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். நாள் முழுவதும் இதே தொழில் செய்பவருக்கு அது தகும். தொழில் பழகுபவருக்கு வேண்டாம். விரலுக்கு ஏற்ற வீக்கம் போதும். கடன் வாங்கி அதை வாங்குவது கூடவே கூடாது.

சென்னையில் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் இத்தகைய சாமான்கள் கிடைக்கும். போகும்போது ஒரு பழைய போர்டை எடுத்துச் செல்லுங்கள். வேலைக்கு வருவதில் பெரிய போர்டு எதுவோ, அதன் அகலத்தையும் அளந்து செல்லுங்கள். கடையிலேயே போர்டை மாட்டி, விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடுகிறதா? திருப்பினால் நழுவுகிறதா? தாடை வளைகிறதா? ஆடினால் வாங்காதீர்கள். எத்தனை மலிவானாலும் அது வீண் செலவே.

காசே இல்லையா?

வீட்டிலேயே செய்துகொள்ளலாம். போர்டின் கனம் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர். ஒரு சாண் நீளமுள்ள இரண்டு மரக்கட்டைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ரம்பத்தால் ஒரு பள்ளம் போடுங்கள். ஒரு கட்டையைப் பலகையில் ஆணி அடித்து நிறுத்துங்கள். மற்றதை எதிரே வைத்து, நடுவில் போர்டைச் செருகி, ஒரு சி-கிளாம்ப் போட்டு அளவாக இறுக்குங்கள். பிடிப்பான் தயார்! மரம் உருகாது, போர்டைக் கீறாது.

இன்னொன்றும் உண்டு. காரீயம் உடலுக்குக் கேடு. குழந்தைகளுக்கு மிகவும் கேடு. சமையல் மேடையிலும் சாப்பிடும் இடத்திலும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் செய்யச் சொல்லிப் போர்டுகளை அனுப்புவோர், கூடவே ஒரு பிடிப்பானையும் அனுப்ப வேண்டும். பிடிப்பான் கொடுக்காமல், கெட்டுப்போன போர்டுக்குக் கூலியில் பிடித்தம் செய்வது நியாயம் அல்ல.

பிள்ளை தொழில் பழகுகிறான், பெண் தொழில் பழகுகிறாள் என்றால், பெற்றோர் முதலில் அயர்ன் வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்லது. அன்றைக்கே பிடிப்பானையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். பிடிப்பான் போர்டைப் பார்த்துக்கொள்ளும். பழகும் பிள்ளை வேலையைப் பார்க்கட்டும். பக்கத்துப் பிள்ளை பாடம் படிக்கட்டும்!