ஜெரிமாண்டர்

இங்கிலீஷ் பாஷையில் செவிக்கு வேடிக்கையாயிருக்கும் பதங்களுள் "ஜெரிமாண்டர்" என்பது ஒன்று. கேட்ட மாத்திரத்தில் மிருகக்காட்சிசாலைப் பிராணியின் பெயரோ என்று தோன்றும். உண்மையில் அது பாதி மனுஷ்யன், பாதி பிராணி. ராஜீய வஞ்சகமொன்றின் பெயர்.

1812-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்திற்கு எல்பிரிட்ஜ் கெரி என்பவர் கவர்னராயிருந்தார். 1776-ம் வருஷத்துச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய கக்ஷியார் ஸெனட் தொகுதிகளின் எல்லைகளைத் தங்களுக்கு அநுகூலமாக மாற்றி ஒரு மசோதாவை நிறைவேற்ற, அதற்கும் அவர் கையொப்பமிட்டார். எஸெக்ஸ் ஜில்லாவில் ஒரு தொகுதி வளைந்து நெளிந்து கிடந்தது. மார்ச் 26-ந் தேதி "பாஸ்டன் கெஜட்" பத்திரிகை அதன் படத்துக்கு இறக்கையும் நகமும் வைத்து அச்சிட்டது. பல்லியை ஒத்த ஸாலமாண்டர் என்னும் பிராணியின் பெயரோடு கவர்னரின் பெயரை ஒட்டி நாமகரணமும் செய்தது. (ககரம் நாளடைவில் ஜகரமாயிற்று. தம் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கேட்கும் பாக்கியங்கூட அம்மனிதருக்கு இல்லை!)

பரிகாசம் பலித்ததா? அவ்வருஷத் தேர்தலில் கெரி கவர்னர் பதவியை இழந்தார். ஆனால் அவருடைய கக்ஷிக்கோ, எதிர்க்கக்ஷியை விடக் குறைந்த வோட்டுகள் விழுந்தும், ஸெனட்டின் 40 ஸ்தானங்களில் 29 கிடைத்தன. மறு வருஷம் கெரி உப ஜனாதிபதியுமானார்.

இந்தப் பதத்தினால் விளைந்த நன்மை பெரிது. பெயரில்லாத அக்கிரமத்தை எதிர்ப்பது கடினம். எனினும் இதில் ஒரு மயக்கமும் உண்டு என்பது நமது அபிப்பிராயம். பெயர் பிராணியின் பெயராயிருப்பதால், ஜனங்கள் படத்தில் பிராணியைத் தேடுகிறார்கள். பிராணி அகப்படாவிட்டால் குற்றமும் இல்லையென்று இருந்துவிடுகிறார்கள். வஞ்சகம் உருவத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எதிரிகளை ஒரே தொகுதியில் குவித்துவிட்டு, மிச்சப்பட்டவர்களை மற்றத் தொகுதிகளில் சிறுபான்மையாகச் சிதறவிடுவதே அதன் சூக்ஷ்மம்.

வட அயர்லாந்தில் டெரி நகரத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1967-ல் அந்நகரசபைக்கு வோட்டளிக்க உரிமை பெற்ற கத்தோலிக்கர் 14,429 பேர். ஏனையோர் 8,781 பேர். நகரத்துக்கு மூன்றே வட்டங்கள். தெற்கு வட்டத்தில் 10,047 கத்தோலிக்கரை அடைத்து 8 ஸ்தானங்கள் கொடுத்தார்கள். வடக்கு வட்டத்தில் ஏனையோர் 3,946, கத்தோலிக்கர் 2,530. அதற்கும் 8 ஸ்தானங்கள். வாட்டர்ஸைட் வட்டத்தில் முறையே 3,697, 1,852, அதற்கு 4. ஆகவே சிறுபான்மையோரின் பிரதிநிதிகளான யூனியனிஸ்டுகள் 12 பேர், பெரும்பான்மையோரின் பிரதிநிதிகள் 8 பேர்! வீட்டுக்குடியுரிமை உள்ளவனுக்கும் அவன் மனைவிக்குமே பெரும்பாலும் நகரசபை வோட்டு. வீடுகளை ஒதுக்குவதோ அதே நகரசபை. கத்தோலிக்கக் குடும்பத்துக்குத் தெற்கு வட்டத்துக்கு வெளியே வீடு கொடுத்தால் கணக்குக் கெட்டுவிடும். ஆதலால் ஏழைகள் வீடின்றித் தவித்தார்கள். 1968 அக்டோபர் 5-ந் தேதி ஊர்வலம் வந்தவர்கள்மீது போலீஸார் தடியடி நடத்தியதை உலகம் கண்டது. 1969-ல் அந்த நகரசபை போய், ஒரு கமிஷன் வந்தது.

பதம் பிறந்த நாட்டின் நிலைமை என்ன? கக்ஷி லாபத்துக்காகத் தொகுதி வரைவதைப் பற்றிய வழக்குகளை விசாரிப்பது மத்தியக் கோர்ட்டுகளின் வேலையன்று என்று அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. இப்பொழுது கோடு கிழிப்பது கம்ப்யூட்டர். வேண்டிய கணக்கை அது பிராணியின் சாயலே இல்லாமல் முடித்துக்கொடுக்கும். 2025-ல் டெக்ஸாஸில் ரிபப்ளிக்கன் கக்ஷியார் ஐந்து ஸ்தானங்களை அதிகமாய்ப் பெறும் நோக்கத்துடன் புதுப்படம் வரைந்தனர். பதிலுக்குக் கலிபோர்னியாவில் டெமாக்ரடிக் கக்ஷியார் வரைந்த படத்தை, அவ்வருஷம் நவம்பரில், வோட்டர்களே அங்கீகரித்தார்கள்.