முதுமைக்குப் பொறுப்பு யார்?

கொரோனா காலத்தில் முதியோரைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஆண்டவர்கள் மேடைதோறும் மார்தட்டி வந்திருக்கிறார்கள். வயதானவர்களை வெளியே விடாமல் பாதுகாத்தோம், இலவச அரிசி கொடுத்தோம், தடுப்பூசி போட்டோம் என்பது அவர்கள் காட்டும் கணக்கு. அரிசி வந்தது உண்மை. தடுப்பூசி வந்ததும் உண்மை. ஆனால் உழைப்பாளி வீட்டுக் கிழவனும் கிழவியும் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடந்த கதை வேறு கணக்கைச் சொல்லுகிறது. அதை நாம் மறந்துவிடக் கூடாது. மறந்தால், அடுத்த கொள்ளைநோயிலும் இதே கதைதான் நடக்கும்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தது. அன்றே நாடு முழுவதும் பூட்டப்பட்டது. ஜூன் 24 முதல் மதுரை நகரமும் பரவையும், மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களும் இன்னொரு முறை முழுமையாகப் பூட்டப்பட்டன. 65 வயது கடந்தவர்கள் அத்தியாவசியத் தேவைக்கும் வைத்தியத்துக்கும் தவிர வீட்டைவிட்டு வரக்கூடாது என்று மே மாதமே மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது.

நோய் முதியோரையே அதிகம் பலிகொள்கிறது என்றபோது இந்த எச்சரிக்கையை யாரும் குறை சொல்லமாட்டார்கள். நாம் கேட்பது வேறு. வீட்டிலே இரு என்று சொன்ன சர்க்கார், அந்த வீட்டிலே என்ன இருக்கிறது என்று கேட்டதா?

மேலூரிலும் வாடிப்பட்டியிலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற விவசாயத் தொழிலாளிக்கு ஓய்வு வயது ஏது? கை கால் ஓயும்வரை வேலை. வேலை இருக்கும்வரை கஞ்சி. நூறு நாள் வேலையில் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக் கூலி நாளொன்றுக்கு 256 ரூபாய். வீட்டுக்குள் அடைக்கப்பட்ட ஏழை முதியவருக்கு டில்லி கொடுத்தது என்ன? மூன்று மாதத்துக்கு ஆயிரம் ரூபாய், அதுவும் இரண்டு தவணையாக. ஒரு நாளைக்குப் பதினோரு ரூபாய்! 2021இல் இரண்டாம் அலை ஊரையே சூறையாடியபோது அந்த ஆயிரமும் இல்லை.

வழக்கமான பென்ஷனைப் பாருங்கள். 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு மாதம் 200 ரூபாய். 2006இல் நிர்ணயித்த தொகை, தொற்றுக் காலம் முழுவதும் அப்படியே நின்றது. மாநிலப் பங்கையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 2011 முதல் ஆயிரம் ரூபாய். அதை 1500 ஆக்குவோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்களித்தது, 2023 ஆகஸ்டில் 1200 ஆக்கியது. பஞ்சாலைத் தொழிலாளியின் கதியும் இதுதான். முப்பது ஆண்டு பஞ்சுத் தூசியை நெஞ்சில் சுமந்து வெளியே வந்தவருக்கு, வைப்புநிதி பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014இல் நிர்ணயித்த ஆயிரம் ரூபாய். மூச்சை நிறுத்தும் நோய் வந்த காலத்திலும் அதில் ஒரு ரூபாய் கூடவில்லை. தகுதியுள்ள முதியோருக்குப் பென்ஷனைத் தவறாமல் கொடுங்கள் என்று 2020 ஆகஸ்ட் 4 அன்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட நேர்ந்தது என்றால், நிர்வாகத்தின் லட்சணத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

பணம் இல்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று சொன்னது இதே சர்க்கார்தான். மறு ஆண்டு நாடு முழுவதும் உள்ள முதியோர், விதவைகள், ஊனமுற்றோர் அனைவருக்குமான உதவித் திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 9,200 கோடி. முதலாளிகளுக்கு விட்டுக்கொடுத்தது இதைப்போல் பதினைந்து மடங்கு!

பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை அல்லவா என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். கடமைதான். தன் வாய்க்கு இல்லாவிட்டாலும் தாய்க்குக் கஞ்சி ஊற்றுகிறவன் உழைப்பாளி. ஆனால் திருப்பூரிலும் கோவையிலும் ஆலைக் கதவு சாத்தப்பட்டு, கூலியின்றி அறையில் கிடந்த மகன் எதை அனுப்புவான்? மகனின் கூலியை நிறுத்திவிட்டு மகனின் கடமையைப் பேசுவது ஏமாற்று.

சட்டமும் இப்படித்தான். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில சர்க்கார் அமைக்கலாம் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அமைக்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டு அலைகளும் வந்துபோயின, அங்கே ஒரு கட்டில் விழவில்லை. சென்னை கிண்டியில் முதியோர் வைத்தியத்துக்கென்று கட்டிய கட்டடம் 2020 ஜூலையில் கொரோனா ஆஸ்பத்திரியாக்கப்பட்டது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் முதியோருக்கென அது திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில்தான்.

இல்லங்கள் இருந்தால் மட்டும் போதுமா? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2020இல் அங்கே விக்டோரியா மாநிலத்தில் மட்டும் முதியோர் இல்லங்களில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பழியை ஒருவர் மீது ஒருவர் சுமத்தினார்கள். உண்மை என்ன? மாநிலமே நடத்திய இல்லங்களில் இத்தனை முதியோருக்கு இத்தனை நர்ஸ் என்று சட்டம் இருந்தது. அங்கே தொற்று மிகக் குறைவு. தனியாரும் தர்ம ஸ்தாபனங்களும் நடத்தியவற்றில்தான் சாவு குவிந்தது. அங்கே வேலை செய்த தற்காலிக ஊழியர்கள், கூலி போதாமல் இரண்டு மூன்று இல்லங்களில் மாறிமாறி உழைத்தார்கள்; சம்பளத்தோடு லீவு இல்லாததால் காய்ச்சலோடும் போனார்கள். நிரந்தரமில்லாத வேலை தொழிலாளியை மட்டும் வதைப்பதில்லை, அவன் பராமரிக்கிற முதியவரையும் கொல்லுகிறது.

பக்கத்துக் கேரளத்தில் அன்று இருந்த இடது முன்னணி சர்க்கார், முதல் பூட்டடைப்பு வருமுன்பே இரண்டு மாதப் பென்ஷனைச் சேர்த்துக் கொடுப்பதாக அறிவித்தது. நடக்க முடியாதவருக்குக் கூட்டுறவுச் சங்க ஊழியர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். 2021 ஏப்ரலில் பென்ஷன் 1600 ரூபாய் ஆயிற்று. நம் மாநிலத்தைவிடப் பணக்கார மாநிலமா அது? மனம் இருந்தது, மக்கள் இயக்கத்தின் நிர்ப்பந்தமும் இருந்தது.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. முதியோர் பென்ஷனும் வைப்புநிதி பென்ஷனும் விலைவாசியோடு சேர்ந்து உயரவேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சர்க்கார் முதியோர் இல்லம் என்பது சட்டக் கட்டாயமாகவேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிதோறும் முதியோருக்குத் தனி வார்டும் நிரந்தர நர்ஸுகளும் வேண்டும். வீட்டிலே இரு என்று உத்தரவு போடுகிற நாளிலேயே வீட்டுக்குக் கூலியும் வந்துசேரவேண்டும்.

ஆலைத் தொழிலாளியின் பென்ஷன் ஒரு மனு, விவசாயத் தொழிலாளியின் பென்ஷன் வேறொரு மனு என்று தனித்தனியே தாலுகா ஆபீஸ் படி ஏறியது போதும். இரண்டு சங்கங்களும் ஒரே கோரிக்கையோடு ஒரே ஊர்வலமாகக் கலெக்டர் ஆபீசுக்குச் செல்லட்டும். இந்த மாவட்டத்தின் வயலையும் ஆலையையும் தம் உழைப்பால் வாழவைத்தவர்கள் கேட்பது பிச்சை அல்ல. கொடுத்துத் தீரவேண்டிய பாக்கி.