காலடியில் ஒரு கடல்

ஆர்ச்வே என்னும் பெயரை வாரந்தோறும் உச்சரிக்கின்றோம். நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தின் பெயராகவும், பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்ட பெயராகவும், முருகன் கோயிலுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவின் பெயராகவும் அது எமக்குப் பழகிவிட்டது. அப்பெயருக்குப் பின்னால் இடிந்து வீழ்ந்த ஒரு சுரங்கம் உண்டு என்பதை எம்மிற் பலர் அறியோம். அச்சுரங்கத்திலிருந்து வெளிப்பட்ட சில பொருள்களைப் பற்றியும், அவற்றை முன்னிட்டு எமது பாடசாலை செய்யத்தக்க ஒரு காரியத்தைப் பற்றியும் இம்மலரிற் சில சொல்ல விரும்புகின்றோம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வடக்கேயிருந்து இலண்டனுக்கு வரும் வண்டிகள் ஹைகேற் மேட்டில் ஏற மாட்டாது திணறின. எனவே மேட்டைக் குடைந்து வழி அமைக்க முற்பட்டனர். 1812ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அச்சுரங்கம் இடிந்து வீழ்ந்தது. குடைந்தது போதும் என்று மேட்டையே பிளந்து ஆழமான வெட்டுவழி அமைத்தனர். மேலே குறுக்கே சென்ற தெருவைத் தாங்குவதற்கு ஜோன் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் வளைவுப் பாலம் ஒன்றை வரைந்தார். 1813இல் தெரு திறக்கப்பட்டது. அவ்வளைவே இவ்விடத்துக்குப் பெயர் தந்தது. இன்று நாம் காணும் இரும்புப் பாலம் அந்நூற்றாண்டின் இறுதியில் அதற்குப் பதிலாக எழுந்தது.

தோண்டியெடுத்த களிமண்ணில் சிப்பிகள் கிடைத்தன. நோட்டிலஸ் என்னும் சுருள் ஓட்டுப் பிராணியின் ஓடுகளும் சுறாப் பற்களும் கிடைத்தன. குங்கிலியம் போன்றதொரு மரப்பிசினும் கட்டி கட்டியாகக் கிடைத்தது. அதனை இன்றும் 'ஹைகேற் பிசின்' என்றே கனிப்பொருள் நூல்கள் குறிப்பிடுகின்றன. (கோயிலில் குங்கிலியம் மணக்கும் அதே மேட்டின் வயிற்றில் ஐந்து கோடி ஆண்டுப் பழமையான பிசின் இருப்பதை எண்ணும்போது எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.) ஹைகேற்றில் வைத்தியராகத் தொழில் பார்த்த நதானியேல் வெதரெல் என்பவர் இவ்வெட்டுவழியிலும் சுற்றுப்புறங்களிலும் பல்லாண்டு காலம் உயிர்ச்சுவடுகளைச் சேகரித்தார். ஜேம்ஸ் சௌவர்பி 1812 முதலாகப் பகுதி பகுதியாக வெளியிட்ட சிப்பி நூலிலும் ஹைகேற் மேட்டிற் கிடைத்தவை படமாக இடம்பெற்றன. நாம் நடந்து செல்லும் தெரு, விஞ்ஞான நூல்களில் இடம்பிடித்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இம்மண்ணுக்கு 'இலண்டன் களி' என்று பெயர். ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகர் இருக்குமிடம் வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அக்கடலின் அடியிற் படிந்த சேறே இக்களி. நோர்தேர்ன் லைன் வண்டி ஆர்ச்வேயை நோக்கி விரையும்போது அக்களியைத் துளைத்தே செல்கின்றது.

ஆர்ச்வேயில் இன்று எவரும் தோண்ட இயலாது. வீடுகளும் தாருமே எங்கும். ஆயினும் அதே களி கென்ற் மாநிலத்தின் ஷெப்பித் தீவிலே கடலோங்கலாக நிற்கின்றது. அங்கே ஒவ்வொரு மாரியிலும் கடல் ஓங்கலின் அடியை அரிக்க, மேலேயுள்ள மண் வழுக்கி வீழ்ந்து, அலைகள் களியைக் கரைத்துக் கொண்டு போக, கரையாத கனமான பொருள்கள் மணலில் தங்கிவிடுகின்றன. சுறாப் பல், நண்டு, ஆமையோட்டின் துண்டு, மீனின் முள்ளெலும்பு, பழங்கள், விதைகள் எனப் பலவும் அங்கு கிடைக்கும். இப்பழங்களுள் தலையாயது நீப்பா என்னும் பனையின் காய். இப்பனை இன்றும் தென்கிழக்காசியாவின் கழிமுகங்களிலும் எமது இலங்கைத் தீவின் தென்மேற்குக் கரையோரத்திலும் சேற்றில் வேரூன்றி வளர்கின்றது. எலினர் ரீட், மார்ஜரி சாண்ட்லர் என்னும் இரு பெண்மணிகள் 1933இல் வெளியிட்ட பெருநூல் இக்களியின் தாவரங்களை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து கூறியது. அக்காடு இன்றைய தென்கிழக்காசியக் காடுகளைப் போன்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. பனை வளரும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம் என்று பெருமூச்செறியும் பெற்றோரே, இலண்டனிலும் ஒரு காலத்தில் பனை வளர்ந்தது!

எமது கருத்து இதுதான். ஆண்டுக்கு ஒரு முறையேனும் எமது வகுப்புகள் வாடகை மண்டபத்தை விட்டு வெளியேறி ஷெப்பிக் கடற்கரையில் நடைபெறல் வேண்டும். இரண்டு ஆண்டுக்கொரு முறை டோசெற் மாநிலத்தின் லைம் ரீஜிஸ், சார்மத் பாறைக் கரைகளுக்கும் செல்லுதல் வேண்டும். அங்கு காண்பதையும் எடுப்பதையும் பிள்ளைகள் தமிழிலே பேசி, தமிழிலே எழுதுதல் வேண்டும்.

இதற்குப் பெற்றோர் சிலர் கூறும் மறுப்புகளை நாம் அறிவோம். 'கல்லுப் பொறுக்கவா சனிக்கிழமை?' என்பது முதலாவது. ஆங்கிலப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கின்றார்கள், தமிழ்ப் பாடசாலை தமிழை மட்டும் படிப்பித்தாற் போதும் என்பது அடுத்தது. இவ்விரண்டாவது மறுப்பையே நாம் கவலையோடு நோக்குகின்றோம். எம் பிள்ளைகளின் தமிழ் எங்கே வாழ்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். சமையலறையில் வாழ்கின்றது, கோயிலில் வாழ்கின்றது, தொலைபேசியில் அம்மம்மாவோடு பேசும் ஐந்து நிமிடத்தில் வாழ்கின்றது. விழாமேடையில் மனனம் செய்த பேச்சிலும் சிறிது வாழ்கின்றது. புதிதாக ஒன்றைக் கண்டு வியந்து, 'இது என்ன?' என்று கேட்கும் கணத்தில் பிள்ளையின் வாயில் வருவது ஆங்கிலமே. அறிவு வளரும் இடத்திலெல்லாம் தமிழ் வெளியே நிற்குமாயின், பதினைந்து வயதில் அப்பிள்ளை தமிழைச் சிறுபிள்ளைப் பேச்சென ஒதுக்கிவிடும். அவ்வாறு ஒதுக்கிய பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் நாம் இழந்து வருகின்றோம். மேல்வகுப்புகளின் வெற்று நாற்காலிகளே அதற்குச் சான்று.

உயிர்ச்சுவடு, ஓங்கல், களி, வற்று, பெருக்கு, முள்ளெலும்பு, ஓடு என்னும் சொற்கள் எம்மிடம் உள்ளன. கடற்றொழில் செய்த எம் முன்னோர் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் வைத்திருந்த சொற்களைக் கடலே காணாத வகுப்பறையிற் படிப்பித்தால் அவை நிலைக்குமா? சேற்றிற் கால் புதைய நின்று 'கடல் வற்றுகின்றது' என்று ஒரு தடவை சொல்லட்டும்; அச்சொல் மறக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னாற் சிலர் முகஞ்சுளிப்பர். ஆயினும் சொல்ல வேண்டியுள்ளது. கல்லும் மண்ணும் தோன்றுமுன்னரே தமிழ் தோன்றிற்று என்று எம் மேடைகளில் முழங்காத ஆண்டுவிழா அரிது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் அடி புறப்பொருள் வெண்பாமாலையில் உள்ளது. அது மொழியைப் பற்றிக் கூறவில்லை. ஒரு மறக்குடியின் வீரத்தைப் புகழும் உயர்வு நவிற்சி அது. கவிதைக்கு அது அழகு. வரலாறாக அதை ஒப்பிக்கும் பிள்ளை, ஐந்து கோடி ஆண்டுப் பழமையான சுறாப் பல்லைக் கையில் ஏந்தும் நாளில் என்ன நினைக்கும்? மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள் என்று அதன் ஆங்கிலப் பாடசாலை கூறும். தமிழ்ப் பாடசாலை பொய் சொல்லிற்று என்ற முடிவுக்கு அது வருமாயின், தமிழின் இரண்டாயிரம் ஆண்டு கடந்த எழுத்துச் சான்றையும் சேர்த்தே அது நம்ப மறுக்கும். தமிழின் உண்மையான தொன்மை எமக்குப் போதும்.

ஆபத்தைப் பற்றிக் கேட்போரின் கேள்வி நியாயமானது. 2012 யூலையில் டோசெற் மாநிலத்தின் பேர்ட்டன் பிராட்ஸ்ரொக் கரையில் ஓங்கல் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். ஆகவே ஓங்கலின் அடியில் நிற்றலும், அதிற் சுத்தியலால் அடித்தலும், ஏறுதலும் கூடவே கூடாது. கடல் பெருகும் நேரத்தை முன்னரே அட்டவணையிற் பார்த்து, வற்றிக்கொண்டு போகும் வேளையிற் கரைக்குச் சென்று, பெருகத் தொடங்குமுன் திரும்பிவிடல் வேண்டும். ஷெப்பியின் வழுக்கிய சேறு முழங்கால் வரை இழுக்கும். அதன் மேல் நடத்தல் ஆகாது. நல்ல செய்தி என்னவெனில், தேடத் தக்கது ஓங்கலில் இல்லை, திறந்த மணலில்தான் உள்ளது. குனிந்து, மெல்ல நடந்து, கண்ணைப் பழக்குவதே வேலை. முதல் அரைமணி நேரம் எதுவும் தென்படாது. ஒரு பல் தென்பட்ட பின்னர் பத்துப் பல் தென்படும்.

சார்மத் கரை இதனினும் பழையது. அங்குள்ள பாறைகளுக்கு வயது ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகள். அமோனைற்று என்னும் சுருள் ஓட்டை அங்கே காணலாம். கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்தின் உள்ளே திருமாலின் சக்கரம் என்று வைணவர் வணங்குவதும் இவ்வினத்தின் சுவடே. வடக்கே விற்பி என்னும் ஊரில் இதனையே துறவிப் பெண் ஒருத்தி கல்லாக்கிய பாம்பு என்று நம்பி, பாம்புத் தலையைச் செதுக்கிச் சேர்த்து விற்றனர். லைம் ரீஜிஸில் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் மேரி அனிங். எமது ஆர்ச்வேச் சுரங்கம் இடிந்த அதே 1812இல், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியாக, தமையன் முந்திய ஆண்டு கண்டெடுத்த தலையோட்டுக்குரிய பெருமீன்பல்லியின் உடலை அவர் தேடிக் கண்டார். இலண்டன் புவியியற் கழகம் அவர் வாழ்ந்த காலத்திற் பெண்களைச் சேர்க்கவில்லை. 1919இல்தான் முதற் பெண் உறுப்பினர் வந்தனர். பள்ளிச் சிறுமி ஒருத்தி தொடக்கிய முயற்சியின் பயனாக 2022இல் அவ்வூரில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆண் பிள்ளையை மட்டும் காற்சட்டை மடித்துக் கடலுக்கு அனுப்பி, பெண் பிள்ளையை 'கறுத்துப் போவாய்' என்று தடுக்கும் தாய்மார் இதனை வாசித்தல் நன்று.

எம் தாயகங்களும் இதில் வறியவை அல்ல. அரியலூர்ச் சுண்ணக்கற் பிரதேசத்தில் கேய், கன்லிஃப் என்போர் சேகரித்த சுவடுகளை எட்வேட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே கடலில் உருவான சுண்ணக்கல்லின் மேல் இருக்கின்றது. அது ஒரு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட மயோசீன் காலத்துக்குரியது. அப்பப்பா கிணறு வெட்டியபோது உடைத்த கல்லும், கீரிமலைக் கேணிக்கு நீர் வரும் கல்லும் அதுவே. அக்கல்லை இங்கிருக்கும் பிள்ளைக்கு விளங்கவைக்கும் வழி ஷெப்பியின் வழியாகவே செல்கின்றது.

எடுத்து வந்த பின்னரே உண்மையான வேலை தொடங்குகின்றது. கடையில் வாங்கிய மினுக்கிய அமோனைற்று மேசையில் ஒரு மாதம் இருந்து பின்னர் இழுப்பறைக்குள் மறையும்; தானே கழுவிய பல் அவ்வாறன்று. சுறாப் பல்லுக்குப் பல்துலக்கும் பழைய தூரிகையும் நன்னீரும் போதும். ஷெப்பியின் பழங்களும் நண்டுகளும் அத்துணை எளியவை அல்ல. அவற்றுட் பல பைரைற்று என்னும் இரும்புக் கந்தகப் பொருளாக மாறியவை. காற்றிலுள்ள ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் அது கந்தக அமிலமாகவும் வெண்பொடியாகவும் மாறும். சில ஆண்டுகளிற் பழம் பொடியாகிவிடும். அதனோடு இருந்த காகிதச் சீட்டும் கருகிப்போகும். எனவே பலமுறை நன்னீர் மாற்றி உப்பை நீக்கி, முற்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு வைத்தல் வேண்டும். நூதனசாலைகள் சிலிக்கோன் எண்ணெயில் அமிழ்த்தி வைப்பதும் உண்டு. நகப்பூச்சுப் பூசினாற் காக்கலாம் என்று எண்ணுவோர் உளர். ஈரம் உள்ளேயே இருந்தால் அப்பூச்சின் கீழும் அது வெடிக்கும். சார்மத் கற்களை உடைத்து உள்ளிருப்பதை வெளிக்கொணர்வது பெரியோர் வேலை. கண்ணாடியும் முகமூடியும் இன்றி எவரும் தொடலாகாது.

யாவற்றிலும் முதன்மையானது சீட்டு. எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், பொருளின் பெயர் ஆகிய நான்கையும் இரு மொழியிலும் எழுதுதல் வேண்டும். சீட்டு இல்லாச் சுவடு வெறுங்கல். அரிதாகத் தோன்றும் எதனையும் இயற்கை வரலாற்று நூதனசாலையினருக்குக் காட்டி, அவர்கள் வேண்டினால் கொடுத்துவிடவும் பிள்ளைகள் பழகட்டும்.

ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. எமது வகுப்பறைகள் வாடகை அறைகள். மாலையானதும் வெண்பலகையைக் கூட அழித்துவிட்டே வெளியேறுகின்றோம். பெட்டியை அங்கு விட்டுவர இடமில்லை. ஆகவே மாதத்துக்கு ஒரு வீடாகப் பெட்டி சுற்றி வரட்டும். குளியலறைக்கும் சமையலறைக்கும் தொலைவில், உலர்ந்த அலுமாரித் தட்டு ஒன்று போதும். செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது பொதியை மாற்றும் பொறுப்பு அவ்வீட்டுப் பிள்ளைக்கு உரியது. முதல் மாதத்துக்குத் தட்டு ஒன்றை ஒதுக்கத்தக்க பெற்றோர் விழா முடிந்ததும் வாசலில் உள்ள ஆசிரியர்களிடம் பெயர் கொடுக்கலாம்.