ஜூன் 25: வரவு மட்டும் எழுதிய கணக்கு

ஜூன் 25 வந்தால் போதும். "வரலாற்றில் இன்று" என்று தலைப்புப் போட்டு, லார்ட்ஸ் பால்கனியில் கபில்தேவ் கோப்பையோடு நிற்கிற அதே படம் வந்துவிடும். 1983 உலகக் கோப்பை ஃபைனல், இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140, வித்தியாசம் 43 ரன். சுபம், வணக்கம்.

அந்த வெற்றி மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் எடுத்ததே நம்ம சென்னை ஸ்ரீகாந்த்தான் (38). பிடிக்காமல் இருக்குமா? :-) என் கோபமெல்லாம் இந்தப் பட்டியல் போடுகிறவர்கள் மேல்தான்.

நான் படிப்பது பி.காம். வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால் எங்கள் பாடத்தில் அதற்குப் பெயர் மோசடி. விளையாட்டில் மட்டும் அதற்கு "மறக்க முடியாத தருணங்கள்" என்று பெயர்!

இதே ஜூன் 25-இன் மற்ற பக்கங்களைப் பாருங்கள்.

1932. அதே லார்ட்ஸ். இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடங்கிய நாள். கேப்டன் சி.கே. நாயுடு. இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்து திணறியது. முகமது நிசார் அந்த இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். கடைசியில் நாம் 158 ரன்னில் தோற்றோம். தோற்றதால் பட்டியலில் இடமில்லை. 1983-க்கு அஸ்திவாரம் போட்டவர்களுக்கு ஒரு வரி கூடவா கிடையாது?

1978. புவனோஸ் ஐரிஸ். அர்ஜென்டினா 3-1 என்று நெதர்லாந்தை வென்று முதல்முறை உலகக் கோப்பையை எடுத்தது. கெம்பஸ் இரண்டு கோல். இதைப் பட்டியலில் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அப்போது அங்கே நடந்தது ராணுவ ஆட்சி. மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடற்படைப் பள்ளி ஒன்றில் ஆட்களைக் கடத்தி அடைத்து வைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தார்கள். இதை எழுத மாட்டார்கள், ஸ்கோரை மட்டும் எழுதுவார்கள்.

1982. ஸ்பெயினில் கிகோன். மேற்கு ஜெர்மனி - ஆஸ்திரியா. அந்த உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியையே 2-1 என்று தோற்கடித்திருந்த அல்ஜீரியா, தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டது. அதனால் எந்த ஸ்கோர் வந்தால் தாங்கள் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று இந்த இரண்டு அணிகளுக்கும் முன்கூட்டியே தெரியும். பத்து நிமிடத்தில் ஹ்ருபெஷ் ஒரு கோல் போட்டார். அப்புறம் ஆட்டமா அது? பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நேரத்தை ஓட்டினார்கள். அல்ஜீரிய ரசிகர்கள் ரூபாய் நோட்டை ஆட்டுவதுபோல் பணத்தை ஆட்டிக் காட்டி ஏசினார்கள். 1-0. அல்ஜீரியா வீட்டுக்குப் போனது. அவர்களின் புகாரை ஃபிஃபா நிராகரித்தது.

"நல்ல நாளில் எதுக்குப்பா இந்த அழுகாச்சி?" என்று கேட்பீர்கள். பதில் இருக்கிறது. அந்தக் கேவலமான ஆட்டத்தால்தான் 1986 உலகக் கோப்பையிலிருந்து ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். இன்றும் அந்த விதி இருக்கிறது. கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. விளையாட்டைத் திருத்தியது ஒரு அவமானம்.

1983-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்து வந்த வீரர்களுக்குப் பரிசு கொடுக்க நம் கிரிக்கெட் வாரியத்திடம் பணமில்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி பாடித்தான் பணம் திரட்டினார்கள். இன்றைய வாரியத்தின் செல்வத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு வரியைச் சேர்த்தால் அந்த வெற்றியின் மதிப்பு கூடுமா, குறையுமா?

ஜெயித்தவர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் அது வரலாறு இல்லை, விளம்பரம். அடுத்த ஜூன் 25-க்குப் படம் போடுகிறவர்கள் தாராளமாகக் கபிலைப் போடுங்கள். பக்கத்திலேயே நிசாருக்கும் அல்ஜீரியாவுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அப்போதுதான் கணக்கு நேராகும்.