சம்பளச் சீட்டுக்குக் கார், சக்கர நாற்காலிக்கு டாக்ஸி



போன மாதம் நான் பகுதிநேரமாகப் படிப்பிக்கிற இடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. “நொவேட்டட் லீஸில் இலெக்ட்ரிக் கார் எடுங்கள், வரியை மிச்சம் பிடியுங்கள்.” கிழமைக்கு ஆறு மணித்தியாலம் வேலை செய்கிற எனக்கு! சிரிச்சுப்போட்டு அழிச்சிட்டன்.

அதே சனிக்கிழமை டூங்காபியில் ஒரு பிறந்தநாள். அம்மாவின் சிநேகிதி ஒருவர் பெண்டில் ஹில்லில் இருக்கிறார். அவருடைய மகனுக்கு என் வயதுதான், பவர் செயாரில் இருப்பவன். இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்த வீல்செயார் டாக்ஸி நாலரைக்குத்தான் வந்தது. காரில் பத்து நிமிசத் தூரம். அவன் வந்து சேரும்போது கேக் வெட்டி, பாதிச் சனம் வெளிக்கிட்டிட்டுது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. பழகிப்போச்சு போல.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் திரும்ப ஞாபகம் வந்தது. நொவேட்டட் லீஸ் என்பது முதலாளி, தொழிலாளி, லீஸ் கம்பனி மூன்று பேரும் சேர்ந்து போடுகிற ஒப்பந்தம். வரி கழிக்க முதலே சம்பளத்திலிருந்து கார்க் காசு போய்விடும். 2022 ஜூலை 1 முதல் இலெக்ட்ரிக் கார் என்றால் முதலாளி கட்ட வேண்டிய சலுகை வரியும் இல்லை. 2025–26இல் 91,387 டொலர் வரை விலையுள்ள கார் இதற்குள் வரும். சம்பளம் கூடினால் வரி விகிதம் கூடும், மிச்சமும் கூடும். தொடக்கத்தில் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு வரிப்பணம் இதில் போகிறது. இலெக்ட்ரிக் கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரை லீஸுக்குக் கொடுக்க அரசுக்குத் தெரியாது, காசில்லை என்று இனி ஆரும் சொல்லக் கூடாது.

மாமியின் மகனுக்கு என்ன இருக்கிறது? என்.டி.ஐ.எஸ். கார் வாங்கித் தராது. உங்களிடம் வாகனம் இருந்தால், அதில் சாய்தளம், லிஃப்ட் பூட்டத்தான் காசு தரும், அதுவும் அவர்கள் ஒப்புக்கொண்டால். டாக்ஸிக் கட்டணத்தில் பாதியை நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் தருகின்றன, ஒரு பயணத்துக்கு 60 டொலர் வரை. வராத டாக்ஸிக்குப் பாதிக் கட்டணம் என்ன, முழுக் கட்டணம் என்ன? கார் வாங்கும்போது ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு, ஆனால் அந்தக் காரில் சம்பளம் தரும் வேலைக்குப் போய்வர வேண்டும். “வேலைக்குப் போறதெண்டால் கார் வேணும், கார் எடுக்கிறதெண்டால் வேலை வேணும்” என்றார் மாமி. எனது ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

('மாற்றுத்திறனாளி' என்று எழுதச் சொல்லி ஒரு தோழர் கேட்டார். அவனுக்கு அந்தச் சொல் பிடிக்காது. “எனக்கென்ன மாற்றுத்திறன் கிடக்கு? படிதான் ஏற ஏலாது” என்பான்.)

லண்டனில் ஹரோவில் இருக்கிற எங்கள் பெரியம்மாவின் வீட்டு வாசலில் சாய்தளம் வைத்த வான் ஒன்று நிற்கிறது. மோட்டபிலிட்டி வான். அதற்கு முதல் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது நீல நிற மூன்று சக்கர வண்டி. ஒரே ஓர் இருக்கை, ஊனமுற்றவரே ஓட்ட வேணும், பிள்ளையைக்கூட ஏற்ற முடியாது. 1977இல் மோட்டபிலிட்டி வந்தது. நடமாட்டத்துக்கான உதவித்தொகையை (2025–26இல் கிழமைக்கு 77.05 பவுண்) அப்படியே கொடுத்தால் லீஸில் வாகனம் கிடைக்கும். காப்புறுதி, சேர்விஸ் எல்லாம் அதற்குள். பெரியம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, மகன் ஓட்டுகிறான். வேலை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதையும் சொர்க்கம் என்று காட்ட நான் வரவில்லை. 2013இலிருந்து பழைய உதவித்தொகையை மாற்றியபோது, 50 மீற்றர் நடக்க முடியாதவர் என்ற அளவுகோலை 20 மீற்றராகக் குறைத்தார்கள். மறுமதிப்பீட்டில் உதவித்தொகை போனால் வாசலில் நின்ற காரும் போகும். ஆயிரக்கணக்கானோருக்குப் போனது. பிறகு 'ஓசியில் பி.எம்.டபிள்யூ' என்று பத்திரிகைகள் கத்தின. 2025 நவம்பரில் ஆடம்பர பிராண்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், வரிச்சலுகைகளையும் வெட்டினார்கள். இங்கே 91,000 டொலர் காருக்கு வரிவிலக்கு எடுக்கிறவரை ஒரு பத்திரிகையும் வாசலில் நின்று படம் பிடிக்கவில்லை, கவனித்தீர்களா?

ஆகவே நாம் கேட்க வேண்டியது பொதுத்துறை லீஸ். சம்பளத்தோடும் கட்டாமல், வருசா வருசம் 'இன்னும் ஏலாதா?' என்று கேட்கிற மதிப்பீட்டோடும் கட்டாமல். விசாவோடும் கட்டக் கூடாது. இதை நாங்கள் சொல்லாவிட்டால் இங்கே வேறு ஆரும் சொல்லப் போவதில்லை. என்.டி.ஐ.எஸ்ஸில் சேர குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும், 65 வயதுக்கு முதல் விண்ணப்பிக்கவும் வேண்டும். படகில் வந்து பத்து வருசத்துக்கு மேலாக பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கதவே இல்லை. 2024இல் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் 100 நாளுக்கு மேல் இரவு பகலாக இருந்த மக்களோடு நீங்களும் இருந்திருப்பீர்கள். ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு வந்த ஒருவருக்கு இந்த நாட்டில் சாய்தளம்கூடச் சொந்தக் காசில்தான்.

கடைசியாக எங்களைப் பற்றி. எங்கள் வாசிப்பு வட்டம் இரண்டு வருசமாக ஒரு கடையின் மேல்மாடியில் நடக்கிறது. லிஃப்ட் இல்லை. இரண்டு வருசத்தில் நான் உட்பட ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த கூட்டம் கீழே, நூலக அறையில் வைப்போம் என்று கேட்டிருக்கிறேன். அவன் வருகிறேன் என்றான். ஆறு மணிக் கூட்டத்துக்கு டாக்ஸியை மூன்றரைக்கே வரச் சொல்லப் போகிறானாம்.